குடாநாட்டில் ஆட்பதிவு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

இலங்கையின் தனித்துவ டிஜிற்றல் அடையாளத் திட்டத்துக்கு இந்திய நன்கொடை பெறும் ஒப்பந்தம் 2022 மார்ச்சில் ஆனது. விரல் ரேகை, கருவிழி, முகம் எல்லாம் எடுத்து நாட்டையே ஒரு பதிவேட்டுக்குள் கொண்டுவரும் வேலை. 1981க்குப் பிறகு 2012 வரை முழுமையான குடிசன மதிப்பீடே நடக்காத யாழ்ப்பாணத்துக்கும் அதற்கான கருவிகள் வரும். கொண்டுவருகிறவர்களுக்குச் சில சொல்ல இருக்கிறது.

செய்ய வேண்டியவை

• விதானையாரிடமிருந்து தொடங்குங்கள். கடிதத் தலைப்பில் கிராம அலுவலர். சனத்துக்கு இன்றைக்கும் விதானையார்தான். யாழ். மாவட்டத்தில் 435 பிரிவுகள். எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, எந்தப் பிள்ளை கனடாவில் என்பது அவருக்குத் தெரியும். அதற்காக, அவர் கடிதம் தராவிட்டால் பதிவே இல்லை என்றும் ஆக்கிவிடாதீர்கள்.

• பத்திரம் இல்லாதவருக்கான வழியை முதலிலேயே எழுதி வையுங்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் சொப்பின் பையில் சுற்றிக் கொண்டுபோனவர்கள் உண்டு; உடுத்த துணியோடு போனவர்களும் உண்டு. பள்ளிக்கூட இடாப்பு, தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவு, பழைய வாக்காளர் இடாப்பு, எதையும் ஆதாரமாக எடுங்கள்.

• 'சொந்த ஊர்', 'இப்போது இருக்கும் ஊர்' என இரண்டு கட்டங்கள் வையுங்கள். 1990 ஒக்ரோபரில் இங்கிருந்து விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்ட முஸ்லிம்கள் பலர் புத்தளத்தில் வாழ்ந்துகொண்டே யாழ்ப்பாணத்துச் சோனகதெருவை ஊர் என்பார்கள். இடம்பெயர்ந்தவர்களின் வாக்காளர் பதிவுக்கென்றே 2013இல் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

• பெயரைத் தமிழில் கேட்டு, தமிழிலேயே வாசித்துக் காட்டுங்கள். ஆங்கில எழுத்துக் கூட்டல் பிறகு வரட்டும்.

செய்யக்கூடாதவை

• சீருடையை அனுப்பாதீர்கள். 2011இல் இராணுவம் இங்கே வீடு வீடாகப் பதிவு எடுத்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு நாடாளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். நிறுத்துவதாகச் சட்டமா அதிபர் தரப்பு வாக்குக் கொடுத்தது. அதை மறந்த சனம் இங்கே குறைவு.

• அட்டையும் எண்ணும் ஆளைக் காட்டிக்கொடுக்க விடாதீர்கள். பழைய தேசிய அடையாள அட்டைகள் வடக்கு, கிழக்கில் இரு மொழியில், தெற்கில் சிங்களத்தில் மட்டும். போர்க் காலத்தில் கொழும்புச் சோதனைச்சாவடியில் அட்டையை நீட்டியதுமே ஊர் தெரிந்துவிடும். இலக்கமும் வாய் மூடாது; பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று இலக்கம் அதற்குள் இருக்கிறது: மார்ச் முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 061, பெண்ணுக்கு 500 கூட்டி 561. 2016இல் பன்னிரண்டு இலக்கமாக்கியபோதும் இதை விடவில்லை. புதிய எண்ணில் எந்தத் தகவலும் வேண்டாம்.

• காணாமற்போனவரை 'இறந்தவர்' என்று முடித்துக் கணக்கை நேராக்காதீர்கள். காணாமற்போனவர் என்றே பதிந்து சான்றிதழ் கொடுக்க 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கென்று ஒரு நிலை பதிவேட்டிலும் இருக்க வேண்டும். மகனைத் தேடும் தாயிடம் மரணப் பதிவை நீட்டுவது பதிவாளரின் வேலையல்ல.

• ரேகை படியவில்லை என்று ஆளைத் திருப்பி அனுப்பாதீர்கள். புகையிலைத் தோட்டத்திலும் பருத்தித்துறைக் கடலிலும் முப்பது வருடம் உழைத்த விரலில் ரேகை தேய்ந்திருக்கும்.

• பொலிஸ், படை, வங்கி என்று கேட்டவருக்கெல்லாம் திறந்துவிடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. யார், எப்போது, எதற்காகப் பார்த்தார் என்ற விவரம், பதியப்பட்டவர் கேட்டால் அவர் கையில் கிடைக்க வேண்டும்.