ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றப் போகும் தம்பிக்கு

1. கையில் ஸ்பேனரை எடுக்கும் முன் அந்த வண்டியின் கையேட்டுப் புத்தகத்தை எடு. ஆட்டோமேட்டிக் என்றால் எல்லாம் ஒரே ஜாதி இல்லை, தம்பி. இன்னோவா கிரிஸ்டா ஆட்டோமேட்டிக்குக்கு டபிள்யூ.எஸ். ஆயில். ஹோண்டா சிட்டி சிவிடிக்கு எச்.சி.எஃப்-2. செலேரியோ ஏஎம்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது நம்ம பழைய மேனுவல் கியர்பாக்ஸேதான். "எல்லாம் ஒண்ணுதாங்க" என்று கடைக்காரர் ஒரு டின்னை நீட்டுவார். அவருக்கு விற்றால் சரி. நாளைக்கு கியர் வழுக்கினால் உன் தலையில்தான் விடியும். சந்தேகம் வந்தால் கேள். தெரியாது என்று சொல்லி எந்த மெக்கானிக்கும் கெட்டுப்போனதில்லை.

2. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதே. ஸ்டாண்ட் வை. இதில் பேச்சே கிடையாது.

3. ஆயில் ஊற்றுகிற பிளக்கை முதலில் கழற்றிப் பார்; அது கழன்றால்தான் அடியிலிருக்கும் ட்ரெயின் பிளக்கில் கை வைக்கவேண்டும். எங்கள் பட்டறையில் சூட்டிகையான பையன் ஒருவன் இருந்தான். மேஸ்திரி டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலையை முடித்துக் காட்டவேண்டும் என்று பழைய ஆயிலை முழுக்க இறக்கிவிட்டான். மேலே ஊற்றுகிற பிளக் துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. வேகத்தில் திருகியதில் அதன் முனையும் மழுங்கிப்போனது. வண்டிக்காரர் அன்று மாலை குடும்பத்தோடு பழனிக்குக் கிளம்ப வேண்டியவர். மேஸ்திரி அவனைத் திட்டவில்லை. வண்டிக்காரரிடம் விஷயத்தை நீயே போய்ச் சொல் என்றார். போய்ச் சொன்னான். அதனால்தான் அவன் பிற்பாடு நல்ல மெக்கானிக் ஆனான் என்பது என் கணிப்பு.

4. பனியன் வேஸ்ட்டை இந்த வேலைக்குத் தொடாதே. அதிலிருந்து உதிரும் பஞ்சு, வால்வ் பாடிக்குள் இருக்கும் மெல்லிய வழிகளில் போய் அடைத்துக்கொள்ளும். நூல் பிரியாத துணியை எடு. யாரும் பார்க்காத இடத்தைச் சுத்தமாக வைப்பவனிடம்தான் நான் வண்டி விடுவேன்.

5. காந்தத்தைப் பொறுமையாகப் பார். சம்ப்பைக் கழற்றினால் உள்ளே சின்னக் காந்தம் ஒட்டியிருக்கும். அதில் விரலுக்குக் கரகரப்பே தெரியாத சாம்பல் நிறப் பசை இருந்தால் பயமில்லை. அது வழக்கமான தேய்மானம். இரும்புத் துணுக்கு குத்தினாலோ, ஆயில் கருகிய வாடை அடித்தாலோ, உடனே வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டு. ஏற்கனவே கியர் வழுக்கும் வண்டிக்கு, ஆயில் மாற்றினால் சரியாகிவிடும் என்று வாக்குக் கொடுக்காதே. தேய்ந்த கிளட்ச் தட்டை எந்த ஆயிலும் வளர்க்காது. இதைச் சொன்னால் வேலை கைவிட்டுப் போகலாம். போகட்டும். அப்படிப் போனவர்களில் பலர் அடுத்த வண்டி வாங்கியதும் என்னிடம்தான் வந்தார்கள்.

6. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இறங்கிய ஆயிலை அளந்துவிட்டு அதே அளவு புதிது ஊற்று. மொத்தம் ஏழெட்டு லிட்டர் பிடிக்கும் கியர்பாக்ஸில் பிளக்கைத் திறந்தால் மூன்று நான்கு லிட்டர்தான் இறங்கும்; மிச்சம் டார்க் கன்வர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் தங்கிவிடும். "முழுசா மாத்திட்டேன் சார்" என்று பெருமை பேசாதே. கிரிஸ்டா மாதிரி டிப் ஸ்டிக் இல்லாத வண்டிகளில் அளவு பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். வண்டி சமதளத்தில் நிற்கவேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தி நிறுத்தி நகர்த்து. ஆயில் சூடு கம்பெனி சொன்ன அளவுக்கு வரட்டும். பல வண்டிகளில் அது 40 டிகிரியை ஒட்டி இருக்கும். அப்போது அளவு பார்க்கும் பிளக்கைத் திற. நூலாக ஒழுகுவது சொட்டாக மாறும்போது மூடு. ஒன்றும் வரவில்லையென்றால் இன்னும் ஊற்ற வேண்டும். கூடுதலாக நின்றால் நுரைக்கும். குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும்.

7. கழிவு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதே. டின்னில் சேர்த்துவைத்து, அனுமதி பெற்றவர்களிடம் கொடு.

8. பில்லில் ஆயிலின் பெயர், ஊற்றிய லிட்டர், அன்றைய கிலோமீட்டர், தேதி நான்கையும் எழுதிக் கையெழுத்துப் போடு. அடுத்த தடவை அந்த வண்டியைத் திறப்பவன் உன்னைப் போலவே புதுப் பையனாக இருக்கலாம். அவனுக்கு அது உதவும்.