விரலளவு ஒலி அட்டை

தலை, தளை, தழை. இம்மூன்று சொற்களையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தலை என்பது உடலின் உறுப்பு. தளை என்பது கட்டு. தழை என்பது ஆடு விரும்பி மேயும் இலைக்கொத்து. பொருளால் முற்றிலும் வேறுபட்ட இச்சொற்களைப் பிரித்துக் காட்டுவது நாவின் ஒரு சிறு அசைவே. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்றோர் இயல் உண்டு. எந்த எழுத்து வாயின் எப்பகுதியில், எவ்வாறு பிறக்கிறது என்பதை அவ்வியல் விளக்குகிறது. நாவின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தடவும்போது ழகரம் தோன்றும் என்பதும், லகர ளகரங்களுக்கு நாவின் விளிம்பே முதன்மையானது என்பதும் அங்கே கூறப்படுகின்றன.

வீட்டில் தமிழும், தெருவில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ, வகுப்பில் ஆங்கிலமும் பேசும் உங்களுக்கு இவ்வொலிகளைக் கேட்டுப் பழகும் வாய்ப்பு குறைவு. தமிழுக்கு வாரத்தில் சில பாடவேளைகளே கிடைக்கின்றன. ஆகவே, பாடப்பகுதியை வீட்டுக் கணினியில் வாசித்துப் பதிவு செய்து ஆசிரியருக்கு அனுப்புதல் நல்ல பழக்கமாகும். ஊரிலிருக்கும் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் அதை அனுப்பலாம். அவர்கள் ஆசிரியரைவிடக் கூர்மையாகத் திருத்துவார்கள்! ஆனால், பதிவில் ‘உஸ்’ என்ற இரைச்சலும் ‘ம்ம்’ என்ற முரலொலியும் கலந்திருந்தால், கேட்பவர் காதுக்குத் தளையும் தழையும் ஒன்றாகிவிடும். பிழை நாவில் உள்ளதா, கருவியில் உள்ளதா என்று அறியாமல் ஒருவரது உச்சரிப்பைத் திருத்துவது முறையன்று.

இந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது? நாம் பேசும்போது காற்றில் எழும் அதிர்வுகள் ஒலிவாங்கியின் மெல்லிய சவ்வை அசைக்கின்றன. அவ்வசைவு மின்னழுத்தமாக மாறுகிறது. அது மிகச் சிறியது. ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்கே இருக்கும். கணினிப் பெட்டிக்குள்ளோ விசிறி சுழல்கிறது. மின்வழங்கி இடைவிடாது மின்னோட்டத்தைத் திறந்தும் மூடியும் இயங்குகிறது. செயலி நொடிக்குப் பல கோடி முறை துடிக்கிறது. இத்தனை ஆரவாரத்தின் நடுவே ஒலிவாங்கியின் மெல்லிய குறிப்பு பயணம் செய்ய வேண்டும். சந்தைக் கூட்டத்தில் ஒருவர் காதோடு காதாகச் சொல்லும் இரகசியத்தைப் போன்றது அது. மேசைக் கணினியின் முன்புறத் துளையில் ஒலிவாங்கியைச் செருகினால் நிலைமை இன்னும் மோசம். அத்துளையிலிருந்து தாய்ப்பலகை வரை ஒரு மெல்லிய கம்பி பெட்டியின் உள்ளேயே நெடுந்தொலைவு செல்கிறது. வழியெல்லாம் இரைச்சலைப் பொறுக்கிக்கொள்கிறது. பின்புறத் துளைக்கு மாற்றினாலே சில கணினிகளில் பாதி இரைச்சல் அடங்கிவிடும். காசு செலவில்லாத இந்த மருந்தை முதலில் முயன்று பாருங்கள்.

ஒலியைக் கணினி ஒலியாகவே சேமிப்பதில்லை, எண்களாகச் சேமிக்கிறது. மின்னழுத்தம் ஏறி இறங்குவதை மிகக் குறுகிய கால இடைவெளியில் அளந்து அளந்து குறித்துக்கொள்கிறது. குறுந்தகட்டில் ஒரு நொடிக்கு 44,100 அளவீடுகள் உள்ளன. ஒவ்வோர் அளவீடும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்கும். ஓர் ஒலியைப் பிழையின்றிக் குறிக்க அதன் அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் அளவீடுகள் வேண்டும். 44,100 என்னும் எண் 20,000-இன் இரு மடங்கைவிடச் சற்றே பெரியது என்பதைக் கவனியுங்கள். பழைய தொலைபேசி முறையில் நொடிக்கு 8,000 அளவீடுகளே எடுக்கப்பட்டன. அதில் சகரத்தையும் பகரத்தையும்கூட மீண்டும் கேட்டு உறுதிசெய்ய வேண்டியிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அளந்து எண்ணாக்கிய பின்னர் இரைச்சலால் எளிதில் தீங்கு விளைவதில்லை. எண்கள் சுழியும் ஒன்றுமாகவே செல்கின்றன. சற்று மங்கலான ஒன்று, ஒன்று என்றே வாசிக்கப்படும். ஆகவே, இந்த அளவீடு எந்த இடத்தில் நடைபெறுகிறது என்பதே முதன்மையான கேள்வி. யூ.எஸ்.பி. ஒலி அட்டை செய்வது இவ்வளவுதான்: அளக்கும் வேலையை ஆரவாரம் மிகுந்த பெட்டிக்கு வெளியே கொண்டுவந்துவிடுகிறது. கணினிக்குள் நுழையும்போது நம் குரல் ஏற்கெனவே எண்ணாகியிருக்கும். அவ்வாறே கணினியிலிருந்து வெளிவரும் எண்கள் வெளியில்தான் மீண்டும் மின்னலையாகி ஹெட்போனை அடைகின்றன.

விரலளவே உள்ள இப்பொருளை ‘அட்டை’ என்பது ஏன்? முற்காலத்தில் அது மெய்யாகவே ஓர் அட்டைதான். கணினியைத் திறந்து, தாய்ப்பலகையின் பள்ளத்தில் அதைச் செருகினர். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட ‘சவுண்ட் பிளாஸ்டர்’ அத்தகைய அட்டைகளுள் புகழ்பெற்றது. பின்னர் ஒலிச் சில்லு தாய்ப்பலகையிலேயே இடம்பெற்றதால் அட்டை மறைந்தது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. தமிழில் ‘எண்ணெய்’ என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். எள்ளின் நெய்யைக் குறித்த அச்சொல் இன்று தேங்காய்க்கும் கடலைக்கும் பொதுவாகிவிட்டது.

தில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை போன்ற கடைத்தெருக்களில் எளிய ஒலி அட்டைகள் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கின்றன. வாங்கும் முன் உங்கள் ஹெட்போனின் செருகியைக் கூர்ந்து பாருங்கள். அதில் இரண்டு கரிய வளையங்கள் இருந்தால் மூன்று தொடுமுனைகள்; மூன்று வளையங்கள் இருந்தால் நான்கு தொடுமுனைகள். கைப்பேசியுடன் வரும், பேசவும் கேட்கவும் ஒரே செருகி உடைய ஹெட்போன் நான்கு தொடுமுனை கொண்டது. இரு துளைகள் உள்ள அட்டையில் ஒன்று கேட்பதற்கும் மற்றொன்று ஒலிவாங்கிக்கும் உரியவை. நான்கு முனைச் செருகியை அதில் நேரே செருகினால் பாட்டு கேட்கும்; பேச்சு பதிவாகாது. இடையில் ஒரு பிரிப்பான் கம்பி வேண்டும். சில அட்டைகளின் உறையில் ‘7.1’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பர். எட்டு ஒலிபெருக்கிகளுக்கு உரிய அவ்வெண்ணுக்கும் கேட்பதற்கு ஒரே துளையுள்ள அப்பொருளுக்கும் உள்ள உறவு, கடை விளம்பரத்திற்கும் உண்மைக்கும் உள்ள உறவே. அதற்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

பெரும்பாலான அட்டைகளுக்குத் தனி மென்பொருள் தேவையில்லை. செருகியதும் கணினி அடையாளம் கண்டுகொள்ளும். ஆயினும் ஒலி அமைப்புகளில் உள்ளீடாகவும் வெளியீடாகவும் புதிய அட்டையையே தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையேல் பழைய துளையே கேட்டுக்கொண்டிருக்கும். ஒரு சிறு நீட்டிப்புக் கம்பியின் முனையில் அட்டையைப் பொருத்தினால் அது பெட்டியிலிருந்து சற்று விலகியிருக்கும். கைபட்டுத் துளை உடையவும் செய்யாது.

அட்டைக்குத் தேவையான 5 வோல்ட் மின்சாரம் அதே கணினியிலிருந்துதான் வருகிறது. ஆதலால் இரைச்சல் குறையுமேயன்றி அறவே நீங்கிவிடாது. மடிக்கணினியில் முரலொலி தொடர்ந்தால், மின்னூட்டியைக் கழற்றி மின்கலத்தில் இயக்கிப் பாருங்கள். முரல் நின்றுவிட்டால், அது நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பைச் சார்ந்த ஒலியே. மேலும், தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியின் ஓசையை எந்த அட்டையும் நீக்காது. பதிவு முடியும்வரை அதை நிறுத்துவதே வழி. ஒலிவாங்கி வாயிலிருந்து இரு சாண் தொலைவில் இருந்தால் ஒரு சாணுக்குக் கொண்டுவாருங்கள். குரல் ஏறத்தாழ இரு மடங்காகப் பதிவாகும். அறையின் இரைச்சலோ இருந்த அளவிலேயே இருக்கும். எவ்வளவு விலையுயர்ந்த அட்டையும் அந்த ஒரு சாணுக்கு ஈடாகாது.

அருஞ்சொற்பொருள்

அண்ணம் – வாயின் உள் மேற்பகுதி
முரல் – வண்டு போன்ற தொடர் ஒலி
சவ்வு – மெல்லிய தோல் போன்ற படலம்
தாய்ப்பலகை – கணினியின் முதன்மை மின்சுற்றுப் பலகை
சாண் – விரித்த கையில் பெருவிரல் நுனி முதல் சிறுவிரல் நுனி வரையுள்ள நீளம்

பயிற்சி

1. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில், எதுவும் பேசாமல் ஐந்து நொடிகள் பதிவு செய்க. திரையில் தோன்றும் கோடு மெலிந்துள்ளதா, தடித்துள்ளதா? கணினியின் துளையிலும் ஒலி அட்டையிலும் தனித்தனியே பதிந்து, கண்ட வேறுபாட்டை மூன்று தொடர்களில் எழுதுக.

2. “மழை விட்ட காலையில் தாழை வேலியோரம் காளை தழை மேய்ந்தது.” இத்தொடரில் வரும் ல, ள, ழ எழுத்துகளை வட்டமிடுக. பின்னர் வாசித்துப் பதிவு செய்து, தமிழறிந்த பெரியவர் ஒருவரிடம் எழுத்து வடிவைக் காட்டாமல் கேட்கச் செய்க. அவர் கேட்டு எழுதியதை மூலத்துடன் ஒப்பிடுக.

3. விலை, விளை, விழை ஆகியவற்றின் பொருளை அகராதியில் கண்டு, ஒவ்வொன்றையும் தொடரில் அமைக்க.

4. ‘எண்ணெய்’ போலப் பொருள் விரிந்த வேறொரு தமிழ்ச் சொல்லை வீட்டாரிடம் கேட்டு எழுதுக.