மோட்டார் வண்டி வாங்குமுன் பார்க்க வேண்டிய கணக்கு

கட்டை வண்டிக்கு இரும்புப் பட்டை போதுமா, ரப்பர் டயர் போடலாமா என்ற வாதம் நம் கிராமங்களில் வெகுகாலம் நடந்தது. டயர் மாட்டுக்குச் சுகம். பாரமும் அதிகம் ஏறும். விலையோ கூடுதல், கருவேல முள்ளுக்கும் அஞ்சவேண்டும். இப்பொழுது அவ்வாதம் மோட்டார் காரைக் குறித்து எழுந்துள்ளது. மணவாள நகர், கடம்பத்தூர்ப் பக்கத்து நிலச்சுவான்தார்கள் அறுவடைப் பணம் கைக்கு வந்ததும் கார் வாங்க எண்ணுவது இயல்பே. எனினும் அடுத்த போகத்தின் விதைக்கும் உரத்துக்கும் ஆகவேண்டிய பணம் அதுவாகையால், கணக்குப் பார்த்தே இறங்குதல் நலம்.

டீஸல் வண்டிக்குச் செலவு குறைவு என்பர். இதைச் சோதிப்போம். ஒரே மாதிரிக் காரில் டீஸல் வகை ரூ. 1,20,000 கூடுதல் விலை என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் ரூ. 100, ஓட்டம் 16 கிலோமீட்டர், டீஸல் ரூ. 92, ஓட்டம் 20 கிலோமீட்டர் என்க. கிலோமீட்டருக்குப் பெட்ரோல் ரூ. 6.25, டீஸல் ரூ. 4.60; மிச்சம் ரூ. 1.65. அதிகம் கொடுத்த விலை திரும்ப, சுமார் 72,700 கிலோமீட்டர் ஓடவேண்டும். கோயம்பேட்டுக்கு நாள்தோறும் போய்வருபவர் சுமார் 80 கிலோமீட்டர் ஓட்டுவார். இரண்டரை வருஷத்தில் கணக்கு நேராகும். வயல், வீடு, திருவள்ளூர்க் கடைத்தெரு என்று நாளைக்கு 20 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கோ பத்து வருஷமாகும்! வட்டி இதில் சேரவில்லை.

மற்றொன்றும் உண்டு. 1-4-2020 முதல் அமலான பாரத் ஸ்டேஜ் 6 விதிக்கிணங்கச் செய்யப்படும் டீஸல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரி எரிந்துபோக வேண்டுமானால், வண்டி அவ்வப்போது நெடுந்தூரம் வேகமாக ஓடிச் சூடேறவேண்டும். குறுந்தூரமே ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். பழுதுபார்க்கும் செலவும் சிறிதன்று.

உழைப்பு என்பது இரும்பின் கனத்தில் மட்டும் இல்லை. உதிரிப் பாகம் கிடைக்கும்வரைதான் எவ்வண்டியும் உழைக்கும். திருவள்ளூர்த் தொழிற்சாலையில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் 1998ஆம் வருஷம் முதல் ஜப்பானிய மிட்சுபிஷியாரின் லான்சர் காரைச் செய்தனர். ஓட்டத்தில் நல்ல பெயரெடுத்த அக்கார் இப்பொழுது செய்யப்படுவதில்லை. அவர்களுடைய அம்பாஸடரும் 2014இல் நின்றது. எனவே பழைய வண்டி வாங்குவோர், விலை மலிவு என்று மயங்காமல், உள்ளூர்ப் பட்டறைக்காரரிடம் பாகங்களைப் பற்றி முன்னதாகவே விசாரிக்க வேண்டும்.

சௌகரியத்தைக் கடையில் மெத்தென்ற ஆசனத்தில் அமர்ந்து அறிய இயலாது. வீட்டு வயோதிகரை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். ஐந்து பேருடன், மழையில் பள்ளம் விழுந்த ஏரிக்கரைப் பாதையில் ஓட்டும்போது அடிப்பாகம் தரையில் இடிக்கிறதா என்றும் கவனிக்கவேண்டும்.

வாங்க விரும்புவோர் முதலில் இரண்டு மாதகாலம், மோட்டார் சைக்கிளிலும் வாடகை வண்டியிலும் போய்வந்த தூரத்தை நாள்தோறும் ஒரு நோட்டில் குறித்துவரட்டும். கணக்கெழுதிப் பழகிய கிராம அதிகாரிகள் இதில் அவர்களுக்கு உதவலாம். அத்தொகையை ஆறால் பெருக்கினால் வருஷ ஓட்டம் கிடைக்கும். மேற்கண்ட கணக்கில் அதை வைத்துப் பார்த்தபின் கடைக்குச் செல்லலாம்.