தவளைத் தோல் தந்த சென்சார்

“கல்ச்சர் டெஸ்டுக்கு இரண்டு நாள் காத்திருக்க வேண்டாம், கிருமியைச் சில நிமிடங்களில் காட்டும் சென்சார் வந்துவிட்டது” என்று நம்பி, கிருமியை வளர்த்துப் பார்க்கும் அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை: இயற்கையைப் பார்த்துச் செய்த சென்சார் என்றால் உள்ளே ஏதோ உயிரினம் இருக்கும்.

உண்மை: இருக்காது; இந்தச் சென்சாரில் இருப்பது தவளைத் தோலில் கண்ட ஒரு புரதம்தான். அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் சாஸ்லாஃப், அறுத்துத் தையல் போட்ட ஆப்பிரிக்க நகத் தவளைகளைக் கிருமி நிறைந்த தொட்டித் தண்ணீரில் விட்டும் புண் சீழ் பிடிக்காமல் ஆறியதைக் கவனித்தார். தோலில் சுரந்த ஒரு குட்டிப் புரதம்தான் காரணம் என்று 1987இல் வெளியிட்டார். ஹீப்ருவில் கேடயத்தைக் குறிக்கும் சொல்லை ஒட்டி அதற்கு ‘மகைனின்’ என்று பெயர் வைத்தார். மொத்தமே 23 அமினோ அமிலங்கள். அது நேர்மின் தன்மை கொண்டது. பாக்டீரியாவின் மேலுறை எதிர்மின் தன்மை கொண்டது. அதனால் ஒட்டிக்கொள்கின்றன. 2010இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு இந்தப் புரதத்தை நுண்ணிய மின்முனைகள்மேல் பதித்தது. பாக்டீரியா வந்து ஒட்டியதும் மின்னோட்டத்துக்கான தடை மாறும்; அந்த மாற்றமே செய்தி. 2012இல் அதுபோன்ற வேறொரு புரதத்தைக் கிராஃபீன் என்ற மெல்லிய கார்பன் ஏட்டில் ஏற்றி, மாட்டுப் பல்லின்மேல் ஒட்டியும் காட்டினார்கள். எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

நம்பிக்கை: சிறுநீரோ ரத்தமோ, எதில் வைத்தாலும் காட்டிவிடும்.

உண்மை: 2010 சென்சார் ஒரு மைக்ரோலிட்டரில் ஒரு பாக்டீரியா இருந்தால் உணரும். அதாவது மில்லிலிட்டருக்கு 1,000. சிறுநீர்த் தொற்றுக்கு வழக்கமான அளவுகோல் மில்லிலிட்டருக்கு 1,00,000. அங்கே இந்தத் திறன் தாராளம். ரத்தத்தில் கிருமி பரவிய நோயாளிக்கோ மில்லிலிட்டருக்குப் பத்துகூடத் தேறாமல் போகலாம். ரத்தத்தைச் சத்துக் கரைசல் பாட்டிலில் விட்டுக் கிருமியை வளர்த்தெடுப்பது அதனால்தான்.

நம்பிக்கை: கிருமி தெரிந்தால் மருந்தும் தெரிந்துவிடும்.

உண்மை: பெரிய தவறு இதுதான். மகைனின் பலவகைக் கிருமிகளோடும் ஒட்டும். ஒட்டியது எந்த மருந்துக்கு அடங்கும் என்று அதற்குத் தெரியாது. அதை அறிய, லேபில் கிருமி பூசிய தட்டின்மேல் சின்னச் சின்ன மருந்து வில்லைகளை வைப்பார்கள். மறுநாள் எந்த வில்லையைச் சுற்றி வெறுமையான வட்டம் போதிய அகலத்தில் விழுந்திருக்கிறதோ, அந்த மருந்து வேலை செய்யும். வட்டமே விழாத வில்லையின் மருந்தை விழுங்கிப் பயனில்லை.

மருத்துவர் யூரின் கல்ச்சர் எழுதிக் கொடுத்தால், ஆன்டிபயாட்டிக்கின் முதல் மாத்திரையைப் போடுவதற்கு முன்பே மாதிரியைக் கொடுத்துவிடுங்கள்.