பந்தும் பணியும்

பிசான அறுவடை முடிந்து, தாமிரவருணிக் கரை வயல்கள் காய்ந்து கிடக்கும் பங்குனித் திங்களில், அரிதாள்களுக்கிடையே வெறுங்காலாற் பந்துதைத்து வளர்ந்தோர் நம்முட் பலர். கல்லூரிக்குப் புறப்பட்ட நாளில், நெல் விற்ற பணத்தோடு, ‘இனிப் பந்தை விடு, புத்தகத்தைப் பிடி’ என்னும் அறிவுரையையும் சேர்த்துப் பெற்றவரும் பலர். கற்போனுக்கு ஆட்டம் ஆகுமோ, ஆகாதோ? இவ்வினாவிற்கு வாதத்தினும் ஒருவர் வாழ்க்கையே தக்க விடையாகும். அவர் டாக்டர் தாலிமெரன் ஆவோ.

அவர் 1918இல் நாகமலைப் பகுதியிலுள்ள சாங்கி என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் திருச்சபைப் போதகர். இம்பூர் மிஷன் வளாகமே மைந்தருக்கு ஆடுகளம். கந்தையைச் சுருட்டிக் கட்டியதே பந்து. மகன் மருத்துவனாதல் வேண்டுமென்பது தந்தையார் விருப்பம். அதனை நிறைவேறக் காணாமலே அவர் நச்சுக்காய்ச்சலால் இறந்தார். இறந்தவர் சொல்லை மகன் மறந்திலர். கௌகாத்தியிலுள்ள காட்டன் கல்லூரியிற் பயின்று, அந்நகரின் மகாராணா கழகத்தில் ஆடிப் பெயர் பெற்றபின், 1942இல் கல்கத்தாக் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார்.

அஃது எத்தகைய காலம்! இரண்டாம் உலகப்போர் மூண்டதும் இங்கிலாந்தில் காற்பந்து லீக் பந்தயங்கள் 1939இல் நிறுத்தப்பெற்று, 1946 வரை முறைப்படி நடைபெறவில்லை. ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்ட ஆங்கில வீரர் பலர் படைக்குச் சென்று, தம் இளமையின் சிறந்த ஆண்டுகளை இழந்தனர். கல்கத்தாவும் அமைதியாக இருந்ததன்று. 1942 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1943இல் வங்கப் பஞ்சம் எண்ணற்ற உயிர்களைக் கொண்டது. 1944இல் ஆவோவின் நாகமலையிலேயே, கோகிமாவில், கடும்போர் நிகழ்ந்தது. இவற்றிடையே அவர் பகலில் மருத்துவம் பயின்றும், 1943 முதல் மோகன் பகான் கழகத்தில் ஆடியும் வந்தார். முன்னணியில் நின்று பந்தடித்துப் பழகிய அவரை அக்கழகத்தார் பின்னே நிறுத்தி, எதிரியின் வரவைத் தடுக்கும் பணியில் அமர்த்தினர். பந்தடிப்பவன் பெறும் ஆரவாரம் தடுப்பவனுக்கு இல்லை. எனினும் அவர் அப்பணியை உவந்தேற்றுக் கழகத்தின் தலைவராகவும் உயர்ந்தார்.

விடுதலை பெற்ற இந்தியா முதன்முதல் 1948இல் இலண்டன் ஒலிம்பிக் பந்தயத்திற் கலந்துகொண்டது. தொடக்க விழாவில் நாட்டுக்கொடியை ஏந்திச் சென்றவரும், காற்பந்துக் குழுவின் தலைவரும் ஆவோவே. ஜூலை 31ஆம் நாள், இல்போர்டு என்னுமிடத்தில், பிரான்சு நாட்டாரை நம்மவர் எதிர்த்தனர். நம்மவருட் பெரும்பாலார் வெறுங்காலினர். பிரான்சு ஒரு பந்தடித்து முந்த, சாரங்கபாணி இராமன் என்பார் ஒன்றடித்துச் சமன் செய்தார். இரண்டு பெனால்டி வாய்ப்புகளை நம்மவர் நழுவவிட்டனர். ஆட்டம் முடியுந்தறுவாயில் பிரான்சு மற்றொன்றடித்து, 2–1 என வென்றது. தோற்றவரே அன்று அவையோரின் அன்பைப் பெற்றனர். ஆயினும் வெறுங்காலைப் பெருமையாகக் கொள்ளுதல் தகாது. 1952இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியரிடம் 10–1 எனத் தோற்றபின், நம்மவரும் பூட்ஸ் அணியலாயினர்.

இலண்டன் ஆர்சனல் கழகம் ஓராண்டு ஒப்பந்தம் நல்க முன்வந்ததென்றும், படிப்பை முடித்தல் வேண்டி ஆவோ மறுத்தாரென்றும் அவர் வரலாறு எழுதுவோர் கூறுவர். அவர் கல்கத்தாவிற்கு மீண்டு, 1950இல் மருத்துவப் பட்டம் பெற்றார் என்பது உறுதி. 1942இல் தொடங்கிய படிப்பு முடிய எட்டாண்டுகள் ஆயின என்பதை ஈண்டு நாம் மறைத்தல் நேர்மையன்று. ஆட்டத்திற்கு அவர் காலத்தை விலையாகக் கொடுத்திருத்தல் கூடும். ஆனால், தந்தையின் சொல்லை விலையாகக் கொடுத்திலர்.

பட்டம் பெற்றவர் பெருநகரிலே தங்கிப் புகழ் நுகர்ந்திருக்கலாம். அவரோ தம் மலைநாட்டிற்கே திரும்பினார். முன்பு போர் நிகழ்ந்த கோகிமாவின் மருத்துவமனையிற் பணியாற்றினார். பின்னர் நாகாலாந்தின் சுகாதாரத்துறைக்குத் தலைவராகி, 1978இல் ஓய்வு பெற்றார். 1998இல் மறைந்தார். ஆடுகளத்தில் ஆரவாரமின்றிப் பின்னின்று காத்தவர், வாழ்விலும் அவ்வாறே தம் மக்களைக் காத்து நின்றார் என்னலாம்.

ஆகவே, பந்தை விடுவதா, புத்தகத்தை விடுவதா என்பதன்று உண்மையான வினா. நம்மை அனுப்பியவர்க்குக் கொடுத்த சொல்லை மறந்தோமா, இல்லையா என்பதே வினா. அதனை மறவாதவன் மாலையில் ஆடுகளம் புகினும் குற்றமில்லை. மறந்தவன் நூலகத்திலேயே வீற்றிருப்பினும் பயனில்லை. அடுத்த பங்குனியில் நாம் ஊர் திரும்பும்போது அவ்வயல்களும், அவற்றில் உழைத்து நம்மைப் படிக்கவைத்தவரும் அங்கே இருப்பர். அவர்க்கு யாது கொண்டு செல்லப்போகின்றோம் என்பதை இன்றே எண்ணுவோமாக.