கம்பெனி கூப்பிட்ட பழைய வண்டி: போவதா, விடுவதா?

கேள்வி: வக்கீல் ஐயா, நாமக்கல் பக்கம் சொந்தமாக ஒரு பிக்கப் வைத்து, நானே ஓட்டி, முட்டை லோடும் தீவன மூட்டையும் அடிக்கிறேன். 2016 மாடல். நான் இரண்டாவது ஓனர். முன்சக்கர பிரேக் குழாயை இலவசமாக மாற்றித் தருவதாக 2022-லேயே கம்பெனி கடிதம் அனுப்பியிருக்கிறது. அது பழைய ஓனர் வீட்டில் கிடந்து, இப்போதுதான் என் கைக்கு வந்தது. "வண்டி நல்லாத்தானே ஓடுது, எதுக்கு வம்பு" என்கிறார் மெக்கானிக். ஏழு வருடம் தாண்டிய வண்டிக்குச் செய்ய மாட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். கமான் பட்டை ஒன்று கூடுதலாகப் போட்டிருக்கிறேன், அதைக் காட்டி வேறு செலவு இழுத்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. கட்டாயம் போக வேண்டுமா? போகாமல் விட்டு நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?

பதில்: ரீகாலுக்கு, அதாவது கம்பெனி குறையைச் சரிசெய்ய வண்டியைத் திரும்ப அழைப்பதற்கு, போகாத உரிமையாளருக்கு அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் எதுவும் இல்லை. அந்த அளவில் கட்டாயம் இல்லை. ஆனால் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து இந்த வாசகரின் சட்ட நிலைமையே மாறிவிட்டது. மெக்கானிக் கணக்கில் எடுக்காத விஷயம் அதுதான்.

முதலில் ஏழு வருடப் பேச்சு. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110ஏ என்ற பிரிவு சேர்ந்தது. ஓட்டுநருக்கோ, உள்ளே இருப்பவருக்கோ, சாலையில் போகும் மற்றவருக்கோ கேடு செய்யக்கூடிய குறை ஒரு ரக வண்டியில் இருந்தால், அவற்றைத் திரும்ப அழைக்கும்படி தயாரிப்பாளருக்கு மத்திய அரசு உத்தரவிடலாம். பழுது நீக்க வேண்டும், அல்லது மாற்று வண்டி தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அரசு உத்தரவிட்டு அழைக்க வைத்தால் கம்பெனிக்கு அபராதம் 10 லட்சத்தில் தொடங்கி 1 கோடி ரூபாய் வரை போகும். கம்பெனியே குறையைக் கண்டுபிடித்து, அரசுக்குச் சொல்லி, தானாக முன்வந்து அழைத்தால் இந்த அபராதம் கிடையாது. நம் நாட்டில் வரும் ரீகால் அறிவிப்புகளில் பெரும்பாலானவை இப்படித் தானாக வருபவைதான். 2021-ல் மஹிந்திரா 29,878 பிக்கப் வண்டிகளைக் குழாய் ஒன்றைச் சோதித்து மாற்ற அழைத்தது. அடுத்த ஆண்டு மாருதி 5,002 சூப்பர் கேரி வண்டிகளை, பக்கத்து சீட் பெல்ட்டின் போல்ட் சரியாக முடுக்கப்படாமல் இருக்கலாம் என்று அழைத்தது.

ஏழு வருடம் என்ற எல்லை அந்த விதிகளில் இருப்பது உண்மை. உற்பத்தியாகி ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் அரசின் கட்டாய ரீகால் பொருந்தும். வாசகரின் நிலைமை வேறு. அவருடைய வண்டியை ஆறு வயதிலேயே கம்பெனி பட்டியலில் சேர்த்து, எழுத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறது. கடிதத்தில் கடைசித் தேதி எதுவும் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால், வயதைக் காட்டி இப்போது மறுப்பதை சேவைக் குறைபாடு என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. ஓனர் மாறியதும் பெரிய தடையல்ல. பழுது இருப்பது வண்டியில், பட்டியல் இருப்பது சேஸிஸ் எண்ணில். ஆர்.சி. அவர் பெயருக்கு மாறியிருந்தால் போதும்.

இனி முக்கியமான இடத்துக்கு வரலாம். விபத்து வழக்குகளில் வண்டி உரிமையாளர்கள் எடுக்கும் பழைய ஆயுதம் ஒன்று உண்டு: "திடீரென்று பிரேக் பிடிக்கவில்லை, எங்கள் தவறு இல்லை." மினு மேத்தா வழக்கில் 1977-லேயே உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. இயந்திரக் கோளாறுதான் காரணம் என்பவர், அந்தக் கோளாறு மறைந்திருந்தது, நியாயமான கவனம் எடுத்தும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதைத் தானே நிரூபிக்க வேண்டும். கடிதம் வராத வரை வாசகர் இதைச் சொல்லியிருக்கலாம். இனிமேல் சொல்ல முடியாது. எந்தக் குழாய், என்ன குறை, எங்கே போனால் மாற்றுவார்கள் என்று எழுதி வந்த தாளே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவையும் பார்க்க வேண்டும். ஆபத்தான குறை இருப்பது தெரிந்தோ, சாதாரணக் கவனத்தில் தெரிந்துகொண்டிருக்கக்கூடிய நிலையிலோ வண்டியை ஓட்டினால் 1,500 ரூபாய் வரை அபராதம். அதனால் விபத்தாகி யாருக்காவது காயமோ சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிர் போய், அஜாக்கிரதை நிரூபணமானால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் ஐந்து ஆண்டு வரை போகலாம். அடிபட்ட மூன்றாம் நபருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்துவிடும் என்ற தைரியம் ஓரளவு சரி. சொந்த வண்டிச் சேதத்துக்கான கிளெய்ம் அப்படியல்ல. வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்பது பாலிசியிலேயே உள்ள நிபந்தனை, அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். எஃப்.சி. இருக்கிறதே என்று வாதாடுவதும் அதிக தூரம் போகாது. அந்தச் சான்று கம்பெனியின் எச்சரிக்கையை ரத்து செய்துவிடாது.

"நல்லாத்தானே ஓடுது" என்ற பேச்சுக்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகளை விரிய வைக்கும் இன்ஃப்ளேட்டரில் இருந்த அமோனியம் நைட்ரேட், வெப்பத்திலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் கிடந்து கெட்டுப்போனது. வண்டிக்கு வயதாக ஆக ஆபத்து கூடியது. 2015 டிசம்பரில் தென் கரோலினாவில் 2006 மாடல் ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப் ஒன்று சாலையில் நின்ற மாட்டின் மீது மோதியது. விரிந்த ஏர்பேக் வெடித்துச் சிதறிய உலோகத் துண்டு ஓட்டியவர் உயிரை எடுத்தது. 2016 ஜனவரியில் ரீகால் அறிவித்தார்கள். 2017 ஜூலையில் மேற்கு வர்ஜீனியாவில், அதே மாடல் வண்டியில், அதே நாளில் தயாரான இன்ஃப்ளேட்டரால் இன்னொருவர் இறந்தார். ரீகால் வந்தும் அந்த வண்டியில் வேலை முடிந்திருக்கவில்லை. அதன் பிறகு 2018 ஜனவரியில், சுமார் 2,900 ரேஞ்சர்களை ஓட்டவே வேண்டாம், நாங்களே இழுத்துவந்து சரிசெய்கிறோம் என்று ஃபோர்டு அறிவித்தது. மோதும் நிமிடம் வரை அந்த வண்டிகளும் நன்றாகத்தான் ஓடின. பிரேக் குழாயும் அப்படிப்பட்டதுதான். சமதளத்தில், பாதி லோடில், எந்தக் குறையும் காட்டாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முழு லோடோடு இறங்கும்போது பெடலை மிதித்துக்கொண்டே வர வேண்டும். ரப்பரில் விரிசல் இருந்தால் அது வாய் திறப்பது அங்கேதான்.

சர்வீஸ் சென்டரில் மறுத்தால் வழி உண்டு. லாபத்துக்காக வண்டி ஓட்டுபவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று பலர் சொல்வார்கள், அதைக் கேட்டுத் திரும்பி வர வேண்டாம். கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில், 1995-ல், உச்ச நீதிமன்றம் லாரியையே உதாரணமாக எடுத்துப் பேசியது: பிழைப்புக்காக லாரி வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான், துணைக்கு ஓரிருவர் வைத்திருந்தாலும் அந்தத் தகுதி போகாது. பத்து வண்டி வைத்துச் சம்பள டிரைவர்களை விட்டு ஓட்டுபவர் இதைக் கேட்க முடியாது, இந்த வாசகர் தாராளமாகக் கேட்கலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் கட்டணமே கிடையாது.

கமான் பட்டை விஷயத்தில் மட்டும் அவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கம்பெனி தராத மாற்றம் எதுவாக இருந்தாலும், நாளை வழக்கு என்று வரும்போது "ஓவர்லோடுதான் காரணம்" என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். முடிந்தால் கழற்றிவிட்டுப் போவது நல்லது. கழற்றாவிட்டாலும் அதைக் காட்டி முன்சக்கரப் பிரேக் குழாயை மாற்ற மறுப்பதில் நியாயமில்லை.

செலவு இழுத்துவிடுவார்களோ என்ற பயத்துக்கு மருந்து ஜாப் கார்டு. வண்டியை விடும்போது அதில் "ரீகால் வேலை மட்டும்" என்று எழுதச் சொல்லி, அதைப் படித்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். வேறு குறை என்று எதைச் சொன்னாலும் எஸ்டிமேட்டைத் தனித் தாளில் வாங்கிக்கொண்டு, செய்வதா வேண்டாமா என்பதை வீட்டில் வந்து முடிவு செய்யலாம். வேலை முடிந்ததும் சேஸிஸ் எண்ணும் தேதியும் போட்ட பில், தொகை பூஜ்யம் என்றாலும், கட்டாயம் வேண்டும். விபத்து வழக்கு என்று ஒன்று வந்தால் "நான் கவனம் எடுத்தேன்" என்பதற்கு அந்தத் தாள்தான் ஆதாரம். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேட்க வேண்டும். தராவிட்டால் அன்றே கம்பெனிக்கு மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ அனுப்பிவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிந்துவிடலாம்.

லோடு குறைவாக இருக்கும் ஒரு நாளைப் பார்த்து இந்த வாரமே வண்டியை விடட்டும். அதுவரை மலைப்பாதை லோடு எதையும் ஒத்துக்கொள்ள வேண்டாம்.