வண்டி எண்ணைத் தட்டினால்...

கேள்வி: வில்லியனூரில் வாகன சோதனை. போலீஸ்காரர் கையிலிருந்த கருவியில் வண்டி எண்ணைத் தட்டியதும் இன்சூரன்ஸ் முடிந்த தேதியைச் சொல்லிவிட்டார்! எப்படி? இனி ஆர்.சி. புத்தகம் வேண்டாமா?
- வாசகர், பாகூர்

பதில்: அது இ-சலான் கருவி. உள்ளே சிம் இருக்கும். அதன் வழியே மத்திய அரசின் ‘வாகன்’, ‘சாரதி’ தரவுத்தளங்களைத் தொடும். முன்னதில் வண்டி விவரம், பின்னதில் ஓட்டுநர் உரிமம். இவை நாடு முழுவதற்குமானவை. பாகூர்ச் சாலையில் கடலூர் வண்டி வந்தாலும் விவரம் வந்துவிடும்.

மின்னணு முறையில் சரிபார்த்த ஆவணத்தைக் காகிதமாகக் கேட்கக் கூடாது என்ற விதி 2020 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. டிஜிலாக்கரில் காட்டினாலே போதும். ஆனால், புதுப்பித்த பாலிசி ‘வாகன்’ தளத்தில் ஏறச் சிலசமயம் தாமதமாகும். அப்போது அபராதம் கட்டுவது அநியாயம். பாலிசி நகலைப் போனில் அவசியம் வைத்துக்கொள்ளுங்கள்.